புதுப்பித்தபின் விழும் சர்வர்கள்: பராமரிப்பு நேரத்தை ஒதுக்கும் மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தகவல் தொழில்நுட்பத் துறைத் தலைவர்களுக்கும் சேவை மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

சர்வர்களுக்கு இயங்குதளப் புதுப்பிப்புகளை ஏற்றும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருபவன் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். எந்த இரவில், எத்தனை மணி நேரத்துக்கு, எந்தச் சர்வரை நிறுத்தலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. நிறுத்திய சர்வர் மறுபடி எழாதபோது அதன் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் நாங்கள். அந்த நேரத்தில் உங்களிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்த அப்டேட் காரணம், அதை எப்போது எடுத்துவிடுவீர்கள்?" கேட்பதில் தவறில்லை, சேவை நின்றுபோயிருக்கிறது, பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். ஆனால் புதுப்பித்த பிறகு விழுந்தது, ஆகவே புதுப்பிப்புதான் விழவைத்தது என்ற தீர்ப்பு அந்தக் கேள்விக்குள்ளேயே எழுதப்பட்டுவிடுகிறது. விசாரணைக்கு முன்பே வந்துவிடும் அந்தத் தீர்ப்பினால் நாங்கள் தடயங்களை இழக்கிறோம், சில நேரம் உண்மையான காரணத்தையே இழக்கிறோம் என்பதைத்தான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

என் பொறுப்பில் இருந்த ஒரு லினக்ஸ் கோப்புச் சர்வரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது 412 நாட்கள் ஒருமுறைகூட நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மாதாந்தரக் கூட்டங்களில் அந்த எண்ணை நாங்களே பெருமையாகச் சொல்லிக்கொண்டோம்; இன்று யோசித்தால் கூச்சமாக இருக்கிறது. ஒரு சனிக்கிழமை பின்னிரவில் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் புதிய பதிப்பை ஏற்றி, சர்வரை மறுதொடக்கம் செய்தேன். திரையில் ஒரு வட்டின் பெயரைச் சொல்லி அதற்காகக் காத்திருப்பதாக ஒரு வரி தோன்றியது. வரியின் ஓரத்தில் நொடிகள் ஏறிக்கொண்டே போயின. 1 நிமிடம் 30 நொடி ஆனதும் சர்வர் அவசர நிலைக்குள் இறங்கி, முதன்மை நிர்வாகியின் (ரூட்) கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டது. அதற்குள் தொலைபேசி ஒலிக்கத் தொடங்கியிருந்தது. கெர்னல்தான் கெடுத்துவிட்டது என்று பூட் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். அதே வரி, அதே 90 நொடி. புதிதாக ஏற்றிய தொகுப்புகள் அனைத்தையும் திரும்ப எடுத்தேன். மறுபடியும் அதே 90 நொடி.

இரண்டு மணி நேரம் கழித்துத்தான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்: அந்த வட்டின் பெயரை எஃப்எஸ்டேப் கோப்பில் தேடினேன். எட்டு மாதங்களுக்கு முன்பு சேமிப்பகத்திலிருந்து ஒரு வட்டைக் கழற்றியவர்கள், ஓடிக்கொண்டிருந்த சர்வரில் அதை இறக்கிவிட்டார்கள். ஆனால் தொடக்கத்தின்போது எந்தெந்த வட்டுகளை ஏற்ற வேண்டும் என்று சொல்லும் அந்தக் கோப்பில் இருந்த வரியை நீக்க மறந்துவிட்டார்கள். வட்டு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, மேலே போ என்று சொல்லும் நோஃபெயில் குறிப்பும் அந்த வரியில் இல்லை. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், லினக்ஸில் தொடக்கத்தை நடத்தும் சிஸ்டம்டி 90 நொடி காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குப் போய்விடும். அதன் வழக்கமே அதுதான். வரியைச் செயலிழக்கச் செய்ய அதன் தலையில் ஒரு # குறியை இட்டேன், சர்வர் ஒரு நிமிடத்தில் எழுந்துவிட்டது. கெர்னலுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மறுநாள் அறிக்கையில், "அப்டேட் கோளாறு; திரும்பப் பெறப்பட்டுச் சரிசெய்யப்பட்டது" என்று எழுதப்பட்டிருந்தது. களைப்பில் நானும் அதை மறுக்கவில்லை. அதன் விளைவாக அந்தத் தொகுதியில் இருந்த சர்வர்கள் அனைத்துக்கும் மூன்று மாதங்களுக்குக் கெர்னல் புதுப்பிப்பு நிறுத்திவைக்கப்பட்டது. அந்த மூன்று மாதங்களுக்கு என் மௌனமும் ஒரு காரணம்.

பல சர்வர்களுக்குப் புதுப்பிப்பு நாள்தான் ஆண்டில் ஓரிரு முறை மட்டும் வரும் மறுதொடக்க நாள். இடைப்பட்ட மாதங்களில் யாரோ மாற்றிய பிணைய அமைப்பு, காலாவதியான சான்றிதழ், தொடக்கத்தில் தானாக எழும்படி பதிவுசெய்யப்படாமல் கையால் மட்டுமே தொடங்கப்பட்ட சேவை, மெல்லத் தேய்ந்துவந்த வட்டு என எல்லாக் கடன்களும் அந்த ஒரே இரவில் வட்டியோடு வந்து நிற்கின்றன. ஆகவே என் முதல் கோரிக்கை மிகவும் எளியது: புதுப்பிப்பை ஏற்றுவதற்கு முன்பு, எதையும் மாற்றாமல், சர்வரை ஒருமுறை மறுதொடக்கம் செய்து பார்க்க நேரம் ஒதுக்குங்கள். அப்போதே அது எழவில்லை என்றால் புதுப்பிப்பின் மீது பழி விழாது. எழுந்துவிட்டு, ஏற்றிய பிறகு விழுந்தால் சந்தேகிக்க வேண்டிய வட்டம் வெகுவாகச் சுருங்கிவிடும். நினைவகம் அதிகமுள்ள பெரிய சர்வர்கள் தம் வன்பொருளைச் சோதித்து முடிக்கவே பத்து, பதினைந்து நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும் என்பதால் இது வீண் செலவாக உங்களுக்குத் தோன்றக்கூடும். மேலே சொன்ன இரவில் அந்தப் பதினைந்து நிமிடங்கள் எனக்கு இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.

இதனால் புதுப்பிப்புகள் குற்றமற்றவை என்று நான் வாதாடுவதாக எண்ண வேண்டாம். 2022 ஜனவரி 11 அன்று வெளியான விண்டோஸ் சர்வர் புதுப்பிப்புகளால் பயனர்களின் உள்நுழைவைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் தாமாகவே மறுதொடக்கம் ஆகிக்கொண்டிருந்தன, சில சர்வர்களில் ஹைப்பர்-வி மென்பொருளின் மேல் ஓடும் மெய்நிகர் கணினிகள் தொடங்க மறுத்தன. ஜனவரி 17 அன்று அவசரத் திருத்தம் வரும்வரை, பாதுகாப்புத் திருத்தங்களோடு சேர்த்து முழுப் புதுப்பிப்பையும் கழற்றி வைப்பதைத் தவிரப் பலருக்கு வேறு வழி இருக்கவில்லை. மோசமான புதுப்பிப்புகள் வரத்தான் செய்கின்றன. வந்திருப்பது அப்படிப்பட்ட ஒன்றா, நம் வீட்டுக் குறையா என்று பிரித்தறிய எங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்பதே என் வாதம்.

பிரித்தறிவதில் முதல் துப்பு, சர்வர் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பது. கெர்னல் ஏறுவதற்கு முன்பே திரை இருண்டு நின்றால் கெர்னலை ஏற்றிவிடும் பூட் லோடரைச் சந்தேகிக்க வேண்டும். 2020 ஜூலை 29 அன்று பூட்ஹோல் என்ற பாதுகாப்புக் குறை வெளியானபோது அதற்காக லினக்ஸ் நிறுவனமான ரெட்ஹாட் வெளியிட்ட திருத்தத்தை ஏற்றிய ரெட்ஹாட், சென்ட்ஓஎஸ் கணினிகள் பலவற்றில் நடந்தது இதுதான். பூட் மெனுவே வராத இடத்தில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. மீட்பு ஊடகத்திலிருந்து கணினியைத் தொடங்கி, ஷிம், க்ரப் என்ற பூட் லோடர் தொகுப்புகளைப் பழைய பதிப்புக்கு இறக்க வேண்டியிருந்தது. "பழைய கெர்னல் இருக்கிறது, ஆபத்தில்லை" என்று நாங்கள் உங்களுக்குக் கொடுக்கும் வாக்குறுதிக்கு எல்லை உண்டு என்பதை அன்று நாங்களும் கற்றுக்கொண்டோம். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற செயலிக் குறைக்காக உபுண்டு லினக்ஸ் 16.04-க்கு வந்த 4.4.0-108 கெர்னல் இதற்கு நேர்மாறான கதை: அதனால் தொடங்க மறுத்த கணினிகளை மெனுவில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தே எழுப்ப முடிந்தது, விரைவிலேயே 4.4.0-109 வந்து குறை தீர்ந்தது.

கெர்னல் ஏறியபின், மூலக் கோப்பமைப்பை ஏற்ற முடியவில்லை என்று சொல்லிப் பேனிக் ஆனால், அதாவது கெர்னலே செயலிழந்து நின்றால், நான் முதலில் பார்ப்பது வட்டின் பூட் பகுதியில் இடம் இருக்கிறதா என்பதைத்தான். பழைய கெர்னல்கள் நீக்கப்படாமல் சேர்ந்துகொண்டே போய் அந்தச் சிறிய பகுதி நிரம்பியிருக்கும். புதிய கெர்னல் தொடங்கும்போது முதலில் பயன்படுத்தும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு பாதியோடு நின்றிருக்கும், அல்லது உருவாகியே இருக்காது. இடம் இருந்தால், அடுத்த சந்தேகம் வன்பொருளை இயக்க வெளியார் தரும் டிரைவர் மென்பொருள்கள் மீது. சேமிப்பகத்துக்கோ பிணைய அட்டைக்கோ தனியாக நிறுவப்பட்ட டிரைவர், ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் மறுபடி தொகுக்கப்பட வேண்டியது. அது தொகுக்கப்படாமல் விட்டுப்போனால், சர்வர் உயிரோடு எழுந்தும் வட்டு தெரியாது, அல்லது பிணையம் இருக்காது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் "சர்வர் செத்துவிட்டது" என்றே தெரியும்.

எங்களை மிகவும் ஏமாற்றுவது மூன்றாவது வகை: நன்றாக எழுந்து, சோதனைகளில் எல்லாம் தேறி, இரண்டு நாள் கழித்து விழுவது. 2024 மார்ச் 12 அன்று வெளியான விண்டோஸ் சர்வர் புதுப்பிப்பை ஏற்றிய டொமைன் கன்ட்ரோலர்களில், கெர்பரோஸ் என்ற முறையில் வரும் உள்நுழைவுக் கோரிக்கைகளுக்குப் பதில் தரும்போது, உள்நுழைவுகளைக் கவனிக்கும் எல்எஸ்ஏஎஸ்எஸ் செயல்முறை நினைவகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டது. கசிவு முற்றியதும் அந்தச் செயல்முறை விழுந்து சர்வரும் தானாக மறுதொடக்கம் ஆனது. மார்ச் 22 அன்று தொடங்கி அவசரத் திருத்தங்கள் வெளிவந்தன. நாலே பேர் உள்நுழையும் சோதனைச் சர்வரில் இந்தக் கசிவு எப்படித் தெரியும்? கசிவு உள்நுழைவுகளின் எண்ணிக்கையோடு வளர்வது. "சோதனைச் சூழலில் போட்டுப் பார்த்தீர்களா?" என்ற கேள்விக்கு நாங்கள் "ஆம்" என்று சொல்லும்போது, அந்த ஆம் எவ்வளவு தூரத்துக்குச் செல்லுபடியாகும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். உண்மையான சுமை தாங்கும் இணைச் சர்வர்களில் ஒன்றை மட்டும் முதலில் புதுப்பித்து, குறைந்தது ஒரு திங்கட்கிழமைக் காலையையாவது அது தாண்டுகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைத் தொடுவதே எனக்குத் தெரிந்த நல்ல சோதனை. டொமைன் கன்ட்ரோலர்கள் இரண்டையும் ஒரே இரவில் முடித்துவிடச் சொல்லும் அட்டவணையை இனி தயவுசெய்து எங்களுக்கு அனுப்பாதீர்கள்.

இரண்டாவது கோரிக்கை, சர்வர் விழுந்தபின் வரும் முதல் அரைமணி நேரத்தைப் பற்றியது. அந்த அரைமணி நேரத்தில்தான் தடயங்கள் இருக்கின்றன. அதே அரைமணி நேரத்தில்தான் மறுபடி மறுபடி மறுதொடக்கம் செய்து அவற்றை நாங்களே அழிக்கிறோம். விண்டோஸ் சர்வர் நீலத்திரை காட்டி விழும்போது நினைவகத்தின் நகலை மெமரி டம்ப் கோப்பாக எழுதிவைக்கிறது. இயல்பான அமைப்பில் புதிய டம்ப், பழைய டம்பின் மேலேயே எழுதப்படும். சர்வர் நான்கு முறை விழுந்து எழுந்தால், நம்மிடம் மிஞ்சுவது நான்காவது வீழ்ச்சியின் கோப்பு. காரணத்தைத் தெளிவாகக் காட்டியிருக்கக்கூடிய முதலாவது போய்விட்டிருக்கும். எழுந்த முதல் வாய்ப்பிலேயே அந்தக் கோப்பை வேறிடத்துக்கு நகலெடுக்கச் சில நிமிடங்கள் போதும், ஆனால் அந்தச் சில நிமிடங்களில் தொலைபேசியை எடுக்க முடியாது.

அறிக்கைகளில் அடிக்கடி காரணமாக ஒட்டப்படும் "கெர்னல் பவர் 41" என்ற நிகழ்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். முந்தைய முறை சர்வர் முறையாக அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அந்தப் பதிவு தன்னளவில் எதையும் நிறுவுவதில்லை. இறப்புச் சான்றிதழில் "இறந்துவிட்டார்" என்று மட்டும் எழுதியிருப்பதைப் போன்றது அது. எந்தப் பிழையால் விழுந்தது என்று சொல்லும் நிறுத்தக் குறியீடு 1001 என்ற எண்ணுள்ள பக்செக் பதிவில் இருக்கும். எந்த டிரைவர் மேல் சந்தேகம் என்பது டம்ப் கோப்பை விண்டிபிஜி என்ற ஆய்வுக் கருவியில் திறந்து பார்த்தால்தான் தெரியவரும். அந்தப் பெயர்கூட அநேகமாகப் பிணம் கிடந்த இடத்தைத்தான் காட்டும், கொன்றவரைக் காட்டாமல் போகலாம். ஒரு டிரைவர் கெடுத்துவைத்த நினைவகத்தை வேறொரு டிரைவர் மிதித்து விழுவது எங்கள் தொழிலில் அன்றாடம் காண்பது.

லினக்ஸில் நிலைமை இன்னும் கறாரானது, ஏனென்றால் முன்கூட்டியே ஏற்பாடு செய்யாவிட்டால் தடயமே மிஞ்சாது. கேடம்ப் என்ற வசதி, கெர்னல் பேனிக் ஆனதும் ஏற்கெனவே ஒதுக்கிவைத்த நினைவகத்தில் இரண்டாவது சிறு கெர்னலை எழுப்பி, விழுந்த கெர்னலின் நினைவகத்தை வட்டில் எழுதும். ஒதுக்கீடு சர்வர் தொடங்கும்போதே நடந்திருக்க வேண்டும். விழுந்தபின் செய்ய முடியாது. நினைவகத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று அந்தச் சில நூறு மெகாபைட்டை வெட்டிய சர்வர்களை நான் பார்த்திருக்கிறேன். அதேபோல், சிஸ்டம்டி வைக்கும் ஜர்னல் என்ற நிகழ்வுப் பதிவுகளை வட்டில் வைக்கும் கோப்புறை இல்லாத சர்வரில் அவை நினைவகத்தில் மட்டும் இருந்து, மறுதொடக்கத்தோடு மறைந்துவிடும். வேறு பதிவுச் சேவையும் எழுதிவைக்காவிட்டால் முந்தைய ஓட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்க ஆளில்லை. பேனிக் ஆன திரையில் கடைசியாக நிற்கும் இருபது வரிகளைக் கைபேசியில் படமெடுத்து அனுப்புகிறார்கள், நல்லதுதான். ஆனால் எங்களுக்கு வேண்டிய முதல் பிழை வரி அதற்குள் மேலே உருண்டு போயிருக்கும். அதைப் பிடிக்கத் தொடர்முனைக் கன்சோலோ, பிணையத்தின் வழியாக வேறொரு கணினிக்குப் பதிவுகளை அனுப்பும் ஏற்பாடோ வேண்டும். இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு குறைவு, ஆனால் திட்ட ஒப்புதல் பட்டியலில் இவை எப்போதும் கடைசியில் நிற்கின்றன.

அந்த அரைமணி நேரத்தில் சர்வரின் முன் இருப்பவரிடம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிலவரம் கேட்க வேண்டாம். கன்சோலில் ஒருவர் வேலை பார்க்கட்டும், உங்களுக்குப் பதில் சொல்ல இன்னொருவர் இருக்கட்டும். இருவரும் ஒருவராகவே இருப்பதால்தான் பின்னிரவுகளில் தவறான சர்வரை மறுதொடக்கம் செய்யும் விபத்துகள் நேர்கின்றன.

"திரும்ப எடுத்துவிடுங்கள்" என்ற சொல்லையும் நாம் இருதரப்பும் கொஞ்சம் நிதானமாகப் பயன்படுத்த வேண்டும். இப்போது வரும் விண்டோஸ் மாதாந்தரப் புதுப்பிப்புகள், புதுப்பிப்பு இயந்திரத்தையே மாற்றும் சர்வீசிங் ஸ்டாக்கோடு ஒரே பொதியாக வருவதால், பழகிய நீக்கக் கட்டளை அந்தப் பொதியின் மீது வேலை செய்யாது. டிஐஎஸ்எம் கருவியில் உரிய தொகுப்பின் பெயரைக் கொடுத்து நீக்க வேண்டும். தொடங்கவே மறுக்கும் சர்வரில் அதை மீட்புச் சூழலுக்குள் நுழைந்து செய்ய வேண்டும். வட்டு பிட்லாக்கர் என்ற குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருந்தால் வாசலிலேயே 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவிகள் எங்கே இருக்கின்றன, விழுந்து கிடக்கும் அதே சர்வரிலா என்பதை ஒரு பகல் நேரத்தில் விசாரித்து வையுங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான உள்ளடக்கக் கோப்பு, மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை வீழ்த்தியது. அது இயங்குதளப் புதுப்பிப்பே அல்ல என்பது ஒருபுறமிருக்க, பிழையான கோப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டும், ஏற்கெனவே விழுந்து சுழன்றுகொண்டிருந்த கணினிகள் பலவற்றுக்கு அதனால் பயனில்லை. ஒவ்வொன்றாகப் பாதுகாப்பு நிலையில் தொடங்கி, பல இடங்களில் சாவியைக் கையால் தட்டி, அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

சர்வரின் ஒரு கணத்து நிலையை அப்படியே பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட் இருக்கிறதே என்பீர்கள். மெய்நிகர் சர்வருக்கு அது நல்ல ஊன்றுகோல்தான். ஆனால் தரவுத்தளச் சர்வரை இரவு 11 மணி ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பினால், 11 மணிக்குப் பிறகு பதிவான ஒவ்வொரு பரிவர்த்தனையும் அதனோடு போகும். காலை 9 மணிக்கு வரும் "பழைய நிலைக்கே கொண்டுபோங்கள்" என்ற ஆணைக்கு நாங்கள் தயங்குவது அதனால்தான். அந்த இழப்பை ஏற்பதாக எழுத்தில் தரச் சொல்லி நாங்கள் கேட்டால் அதைப் பிடிவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இத்தனை சங்கடம் எதற்கு, புதுப்பிப்பையே நிறுத்திவிடலாமே என்ற முடிவுக்குச் சில நிர்வாகங்கள் போய்விடுகின்றன. எம்எஸ்17-010 என்ற திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது 2017 மார்ச் 14 அன்று. அந்தத் திருத்தம் அடைத்த அதே ஓட்டை வழியாக கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்கும் வான்னாக்ரை தீநிரல் பரவியது மே 12 அன்று. இடையில் இருந்தவை 59 நாட்கள். என் மௌனத்தால் நிறுத்திவைக்கப்பட்ட மூன்று மாதங்களைவிட அது குறைவு என்பதை எண்ணிப் பார்த்த நாளில்தான் இந்த மடலை எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஆகவே வீழ்ச்சி அறிக்கையின் காரணப் பத்தியில் "இன்னும் கண்டறியப்படவில்லை" என்று எழுத எங்களுக்கு அனுமதி கொடுங்கள். இப்போது அந்தப் பத்தியை 24 மணி நேரத்துக்குள் நிரப்பாமல் பல இடங்களில் அறிக்கையை மூட முடியாது. மூடுவதற்காகக் கைக்குக் கிடைத்ததை, அதாவது அன்றைய புதுப்பிப்பின் எண்ணை, எழுதிவிடுகிறோம். அந்த எண்ணை வைத்து நீங்கள் அடுத்த முடிவை எடுக்கிறீர்கள்.

அடுத்த மாதப் பராமரிப்பு அட்டவணையில் கையெழுத்திடும்முன், ஒவ்வொரு சர்வரும் கடைசியாக எந்தத் தேதியில் மறுதொடக்கம் செய்யப்பட்டது என்ற ஒரு பத்தியை அதில் சேர்க்கச் சொல்லுங்கள். அந்தத் தேதி 90 நாட்களுக்கு முந்தையதாக உள்ள சர்வர்களுக்கு, புதுப்பிப்பு எதுவும் இல்லாமல், வெறும் மறுதொடக்கத்துக்கு மட்டும் ஓர் இரவை ஒதுக்கித் தாருங்கள். அன்று எது எழவில்லை என்ற பட்டியலை மறுநாள் காலை நாங்கள் அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
இரவுப் பணியில் இருக்கும் ஒரு சர்வர் நிர்வாகி